கார்னேஷன் வாங்கிக் கொடுத்தவர்

2019 மார்ச்சில் அலுவலக வேலையாக மூன்று வாரம் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனோஸ் ஐரிஸில் இருந்தேன். அந்த ஊரில் பிறந்த ஜோடி நடனமான டாங்கோவுக்குப் பெங்களூரில் எட்டு மாதம் வகுப்புக்குப் போயிருந்த தெம்பு. அதனால் போன நாலாம் நாளே ஒரு வாத்தியாரிடம் தனி வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன்.

சான் தெல்மோவில் ஒரு பழைய கட்டடம், மாடியில் மரத் தரை போட்ட அறை. நம் வீடுகளில் சாமி படம் மாட்டுகிற உயரத்தில் சுற்றிலும் அவருடைய படங்கள். ஒரு மணி நேர வகுப்பில் முதல் இருபது நிமிடம் சுயபுராணம். பாடகர் கார்லோஸ் கார்தெலுக்கு நடனம் சொல்லிக் கொடுத்ததே அவர் தாத்தாதானாம். ஊரில் மிச்சமிருக்கும் அசல் பரம்பரை அவருடையது ஒன்றுதானாம். மற்றவர்கள் எல்லாம் டூரிஸ்டுகளை ஏமாற்றுகிறவர்களாம். (இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.)

அப்புறம் கார்தெல் பாட்டைப் போட்டு, பாட்டைவிடச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். உனோ, தோஸ், த்ரெஸ் என்று எட்டு வரை. எட்டு அடியில் ஒரு கட்டம், திரும்பத் திரும்ப அதேதான். பாட்டு ஓரிடத்தில் இழுத்தது, ஓரிடத்தில் மூச்சு வாங்கியது. அவர் எண்ணிக்கை எதற்கும் அசையவில்லை. பாட்டு முடிந்து மூன்று நொடி கழித்துத்தான் எங்களுக்கு எட்டு வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். சிரித்துவிட்டு இரண்டு வார்த்தை கற்றுக்கொடுத்தாள். ஒன்று ‘சமூஷோ’. நாம் பீலா விடுவது, ரீல் சுற்றுவது என்போமே, அதுதான். அப்படி விடுகிற ஆள் ‘சாந்தா’. எங்கள் சாந்தா சித்தி காதில் விழாமல் இருக்கட்டும்.

“கார்தெல் பாட்டைப் போட்டாரா? அதற்கு இங்கே யாரும் ஆடவே மாட்டார்களே” என்றாள். உண்மைதான். 1935-இல் கொலம்பியாவில் மெதெயீன் விமான விபத்தில் இறந்த கார்தெல் அந்த ஊருக்குத் தெய்வம் மாதிரி. ஆனால் அவர் பாட்டு உட்கார்ந்து கேட்பதற்கு. குரல் தாளத்தோடு விளையாடிக்கொண்டே போகும், கால் வைக்க இடம் கொடுக்காது. ஆடுவதற்கென்று வாசித்தவர்கள் வேறு. அதே 1935-இன் கடைசியில் ஹுவான் தாரியென்சோவின் குழுவில் ரொதோல்ஃபோ பியாஜி பியானோவுக்கு வந்து சேர்ந்தார். சுத்தியல் அடி போன்ற அந்தத் தாளம் இளசுகளை மறுபடி நடனக் கூடத்துக்கு இழுத்தது. அடுத்த இருபது வருடத்தைத்தான் பொற்காலம் என்கிறார்கள். இன்றும் ஊரின் நடனக் கூடங்களில் ஒலிப்பது பெரும்பாலும் அந்தக் காலத்துப் பதிவுகள்தான்.

அந்த வாத்தியாரை முழுக்கத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. 1955-இல் அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்த பிறகு கூடங்கள் காலியாகிக்கொண்டே போயின. ராக் இசையும் வந்துவிட்டது. 1983-இல் பாரிஸிலும் 1985-இல் பிராட்வேயிலும் ஒரு டாங்கோ நிகழ்ச்சி சக்கைப்போடு போட, வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து “அசல் டாங்கோ எங்கே?” என்று கேட்டார்கள். கேட்டால் ஒருவர் கொடுக்கத்தானே செய்வார்? ‘மிலோங்கேரோ’ என்றால் ஒரு காலத்தில் ராத்திரியெல்லாம் ஆடிக்கொண்டு திரிகிற உருப்படாத ஆள். தொண்ணூறுகளில் அதே சொல் ஒரு பாணியின் பெயராகி விலைக்கு வந்தது. தாத்தா இல்லாதவர்களுக்கும் தாத்தா முளைத்தார்கள். லா போகாவில் காமினீத்தோ தெருவில் காலைத் தூக்கி நின்று போட்டோவுக்குக் காசு வாங்குகிறவர்கள் எவ்வளவோ மேல். அவர்கள் பரம்பரையெல்லாம் பேசுவதில்லை.

சனிக்கிழமை ராத்திரி வில்யா உர்கீசாவில் உள்ள சண்டர்லேண்ட் கிளப்புக்குப் போனேன். மங்கலான விளக்கு, சிவப்புத் திரை என்று கற்பனை செய்துகொண்டு போனால், அது ஒரு பாஸ்கெட்பால் மைதானம்! இரண்டு பக்கமும் வளையம் தொங்குகிறது. கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். சுற்றிலும் மேசை போட்டுக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஜோடிகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகர்கிறார்கள். நாலு பாட்டு ஒரு தாண்டா. அது முடிந்ததும் சம்பந்தமில்லாத ஒரு துண்டு இசை, எல்லோரும் மேசைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆடக் கூப்பிடுவது கண்ணாலேயே. அவர் பார்ப்பார், நீங்களும் பார்த்தால் லேசாகத் தலையசைப்பார். வேண்டாமென்றால் வேறெங்கோ பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் அவமானமில்லை.

வெளியூர்ப் பையன் ஒருவன் நான் கற்ற அதே எட்டை ஆடினான். அந்தக் கட்டத்தில் ஆண் வைக்கும் முதல் அடியே பின்பக்கம். நெரிசலில் பின்னால் கால் வைப்பது, ஒருவழிப் பாதையில் ரிவர்ஸ் எடுப்பது போல. பின்னால் வந்த அம்மாளின் கணுக்காலில் அவன் குதிகால் பட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். அது போதுமாயிருந்தது.

பதினோரு பெண்களைத் தாண்டி ஒரு கிழவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எண்பதுக்கு மேல் வயது, இஸ்திரி போட்ட கோட்டு, நிறைய பவுடர் வாசனை. பொற்காலத்துக் குழுத் தலைவர் கார்லோஸ் தி சார்லியின் தாண்டா. அவர் என்ன செய்தார் என்று கேட்டால் நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வயலின்கள் நீளமாக இழுக்கும்போது அடி நீண்டது. ஒரு வரி முடிகிற இடத்தில் நின்றார். அப்படியே நின்றோம். நம் பாட்டில் கார்வை விடுவார்களே, சத்தம் நின்ற பிறகும் தாளம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், அந்த மாதிரி. பியானோ கீழ்ஸ்தாயியில் இரண்டு சுரம் உருட்டியதும் அவர் நெஞ்சு ஒரு நூல் நகர்ந்தது. என் கால் தானாக எழுந்தது. நாலு பாட்டிலும் எனக்குத் தெரியாத அடி ஒன்றுகூட வரவில்லை. தெரிந்த அடிகளை இப்படிப் போடலாம் என்பதுதான் தெரியாமல் இருந்திருக்கிறது.

முடிந்ததும் மேசைவரை கொண்டுவந்து விட்டார். ஒரு வார்த்தை தன்னைப் பற்றிப் பேசவில்லை. அசல் ஆள் என்றால் இவர்தான், இப்படித்தான் வாயைத் திறக்காமல் இருப்பார் என்று எனக்கு ஒரே புல்லரிப்பு.

கிளம்பும்போது டாக்சிக்காக வாசலில் நின்றேன். அவரும் வந்தார். என் அரைகுறை ஸ்பானிஷில் நன்றி சொன்னேன். ஒஸ்வால்தோ புக்லியெஸே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பியானோ வாசித்து டாங்கோ குழு நடத்தியவர், கம்யூனிஸ்ட், அடிக்கடி ஜெயிலுக்குப் போனவர். அவர் உள்ளே இருந்த நாட்களில் குழு பியானோமேல் ஒரு சிவப்பு கார்னேஷன் பூவை வைத்துவிட்டு வாசித்த கதை ஊரறிந்தது.

கிழவர் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பூவை வாங்கிக் கொடுத்தது யாரென்று நினைக்கிறீர்கள்?”

கோட்டுப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘கடைசி மிலோங்கேரோ’. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். சான் தெல்மோ வாத்தியாரைவிட இரண்டு மடங்கு சொன்னார். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி வசதிப்படுமா என்று கேட்டேன்.