சார் தோளில் கிடந்த பாய்

கொடைக்கானல் பள்ளியில் படித்த நம்மில் பலருக்குப் பூகோள சாரை நினைவிருக்கும். குளிருக்கு மஃப்ளர், அதற்கு மேலே எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. இராமநாதபுரக் கடற்கரையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். வேலைக்காகக் கொடைக்கானல் ஏறி வந்தவர். 1984இல் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை என்று தெரிந்ததும், அதைத் தன் குறைபோல எடுத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை எங்களைக் கோக்கர்ஸ் வாக் கூட்டிப் போனார். கோக்கர் என்ற அதிகாரி 1872இல் மலை விளிம்பை ஒட்டிப் போட்ட பாதை, ஒரு கிலோமீட்டர் இருக்கும். காலையில் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெளிவாகத் தெரிந்தது. பதினொரு மணிக்கெல்லாம் கீழேயிருந்து மேகம் ஏறி, பள்ளத்தாக்கை மூடி, விளிம்பில் வந்து மோதியது. சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதுதான்டா கரை. கீழ கிடக்கறது கடல். வாங்க, கப்பல் ஓட்டுவோம்" என்றார்.

தோளில் கிடந்த துண்டை உதறினார். ஒரு முனை என் கையில், மறுமுனை என் பக்கத்து பெஞ்சுக்காரன் கையில். காற்று பின்னாலிருந்து அடித்ததும் துண்டு சினைப்பசுவின் வயிறு மாதிரி உப்பி எங்களை முன்னால் இழுத்தது. "இது யாருக்கும் வரும். இப்பத் திரும்பி நில்லுங்க." காற்றை எதிர்த்து நின்றோம். துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது, இழுக்கவில்லை. அப்புறம் எங்கள் தோளைப் பிடித்துக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினார். துண்டு மறுபடி விறைத்தது. காற்று வரும் திசைப் பக்கமாகவே எங்கள் கால்கள் ஓரடி நகர்ந்தன. "எதிர்க்காத்துல நேரா போக முடியாது. இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. அப்படித்தான் எங்கப்பா வீடு வந்து சேருவாரு." வடக்கிலிருந்து காற்று வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். பரீட்சைக்கு இதெல்லாம் வராது. ஆனால் எனக்கு இன்றும் மறக்காதது இதுதான்.

அடுத்த வாரம் தூண் பாறை. நானூறு அடி உயரக் கற்கள் மேகத்துக்குள் மறைவதும் வெளிப்படுவதுமாக நின்றன. "கப்பல்ல வர்றவன் கண்ணுக்கு ஒரு முனை இப்படித்தான்டா தெரியும்" என்றார் சார்.

சரி, இப்போது ஆஸ்திரேலியாவின் தெற்குத் தீவான டாஸ்மேனியாவுக்கு வருகிறேன். இங்கே குடியேறிப் பல வருஷம் ஆகியும், போன கோடையில்தான் ஹோபார்ட்டிலிருந்து போர்ட் ஆர்தருக்கு இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் ஒன்றில் ஒருநாள் பயணம் போக வாய்த்தது. விடியற்காலை கிளம்பினோம். 1832 முதல் நிற்கும் அயர்ன் பாட் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் ஸ்டார்ம் பே என்ற விரிகுடா. வடமேற்குக் காற்று, பின்னாலிருந்து. ஏறியவர்கள் எல்லாரும் கயிறு இழுக்க வேண்டும். ஈரக் கயிறு உள்ளங்கையைத் தேய்க்கத் தேய்க்க, தலைக்கு மேலே பாய் 'டப்' என்று விறைக்கும் அந்தச் சத்தம்! கோக்கர்ஸ் வாக்கில் கேட்ட அதே சத்தம், பத்து மடங்காக.

நடுப்பகலில் கேப் ராவுல் என்ற முனை வந்தது. மூடுபனி விலகியதும் நான் கயிற்றை விட்டுவிட்டு நின்றேன். தூண்கள். கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பிய, வரிசை வரிசையான கல் தூண்கள். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய பாறைக் குழம்பு இறுகிச் சுருங்கியபோது இப்படி வெடித்ததாம். டாலரைட் என்பார்கள். நம் பழனி மலைப் பாறை சார்னோகைட், பூமிக்கு வெகு ஆழத்தில் உருவானது. இரண்டும் பிறந்த விதமே வேறு. ஆனாலும் கண்ணுக்கு அது தூண் பாறைதான். அதன் அடியில் இந்த முறை நிஜமான கடல் மோதியது. சீல்கள் பாறைத் திட்டில் படுத்துக் கிடந்தன. சிறகை அசைக்காமல் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஒன்று கப்பலோடு கூடவே வந்தது. கிழக்கே டாஸ்மன் தீவு, அதன் உச்சியில் 1906இல் ஏற்றிய விளக்குக் கோபுரம்.

கேப்டன் பாறைக்குப் பக்கத்தில் போகவில்லை, நன்றாகத் தள்ளியே ஓட்டினார். முனையைச் சுற்றி வடக்கே போர்ட் ஆர்தர் வாய்க்குத் திரும்பியதும் காற்று கிட்டத்தட்ட எதிரே வந்துவிட்டது. பாய்கள் படபடத்தன. அவர் சொல்வதற்கு முன்பே என் கால் சாய்வாகத் திரும்பிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. பொழுது சாயும் நேரம் உள்ளே போய்ச் சேர்ந்தோம்.

மறுநாளே ஊருக்குப் போன் போட்டேன். சார் இப்போது தன் கடற்கரைக் கிராமத்தில்தான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். கப்பல் என்றதும் குரல் நிமிர்ந்தது.

"எந்தக் காத்து?"

"வடமேற்கு சார்."

"வாடைக்கும் கச்சானுக்கும் நடுவுல. பாறையை ஒட்டிப் போகலையே? அங்க காத்து சுழலும்டா."

"இல்ல சார். தள்ளித்தான் போனாரு."

"அப்ப அவன் ஓட்டத் தெரிஞ்சவன்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நீ பாய் பிடிச்சியா?" என்று கேட்டார்.

"பிடிச்சேன் சார்."