பட்டறைத் தூசி

பிப்ரவரி 3, 2025, மன்னார்குடி

சம்பா அறுப்பு மும்முரம். நெல் மூட்டை ஏற்றும் லாரிகள் பட்டறை வாசலில் வரிசையாக நிற்கின்றன, பாதிக்கு மேல் பிரேக் வேலை. இந்தச் சீசனில் மாமாவின் கை சும்மா இருந்ததே கிடையாது. இப்போது கல்லாப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, பையன்கள் லைனர் (பிரேக்கில் ட்ரம்மோடு உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசலிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்து அதுவும் முடிந்தது. சளியில் ஒரு தடவைகூடக் கிருமி தெரியவில்லை. தஞ்சாவூரில் வேறு டாக்டரைப் பார்க்கப்போகிறோம்.

பிப்ரவரி 5

"ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" இந்த டாக்டர் முதலில் கேட்டதே இதுதான். இதுவரை வேறு யாரும் கேட்கவில்லை. எண்பதுகளிலிருந்து லைனர் வேலை என்றார் மாமா. புது லைனரை பிரேக் ஷூவில் வைத்து ரிவெட் அடிப்பார், ட்ரம்முக்குப் பொருந்தும்படி கிரைண்டரில் தேய்ப்பார், பழைய ட்ரம்மைக் கழற்றினால் கம்ப்ரஷர் காற்றை அடித்துத் தூசியைத் தள்ளுவார். "மூஞ்சியில துண்டு கட்டிக்குவேன் டாக்டர்." லைனரிலிருந்து பறக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைக்குத் துண்டு ஒரு தடையே இல்லை என்றார் டாக்டர்.

முதுகில் அடிப்பக்கமாக ஸ்டெத் வைத்து வெகுநேரம் கேட்டார். மூச்சை இழுத்து முடிக்கும்போது, பையில் இருக்கும் வெல்க்ரோவைப் பிரிக்கிற மாதிரி சத்தம் வருகிறதாம். மாமாவின் விரல் நுனிகள் உருண்டு தடித்திருந்தன. நகத்தைப் பக்கவாட்டில் திருப்பி எனக்கும் காட்டினார். தினமும் சோறு போடுகிற கைதான், நான் கவனித்துப் பார்த்ததில்லை. சி.டி.யில் இரண்டு நுரையீரலிலும் கீழ்ப்பாகம் தழும்பேறிக் கிடக்கிறது. நெஞ்சுக்கூட்டின் உள்சவ்வில் சுண்ணாம்பு படிந்த திட்டுகள். அந்தத் திட்டுகளையும் வேலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் என்றார். கல்நார் தூசியால் வருகிற நோய்.

பிப்ரவரி 6

டாக்டர் விளக்கியதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

சாதாரணத் தூசியை மூச்சுக்குழாயில் இருக்கும் சளி பிடித்துக்கொள்ளும், நுண்ணிய ரோமங்கள் அதை மேலே தள்ளிவிடும், நாம் இருமித் துப்பிவிடுவோம். கல்நார் இழை அப்படி இல்லை. நீளமாக இருந்தாலும் மிகமிக மெல்லியது என்பதால் காற்றோடு நேராகப் போய்க் காற்றறைகளில் தங்கிவிடும். அங்கே ரோமம் கிடையாது. காவலுக்கு இருப்பது மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கும் செல்தான். இழை 20 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் நீண்டிருந்தால் அதை முழுசாக விழுங்க முடியாமல், உள்ளே இருக்கும் நொதிகளைச் சுற்றிலும் கொட்டிவிடும். அந்த இடம் புண்ணாகி, ஆறும்போது நார்த்திசு வளரும். இழை கரையாது, செரிக்காது. அடுத்த செல் வரும், மறுபடியும் புண். இப்படியே வருஷக்கணக்கில் நடந்து காற்றறைச் சுவர் தடித்துப்போனால், இழுக்கிற காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ரத்தத்தில் சரியாகச் சேராது.

வேலையை விட்டாலும் இது நிற்காது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுவாசித்த காலத்துக்கும் நோய் தெரியும் காலத்துக்கும் இடையில் 20, 30, 40 வருஷம்கூட ஆகுமாம். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வரலாம். தழும்பை மாற்ற மருந்து இல்லை. ஆக்சிஜன், மூச்சுப் பயிற்சி, சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி, இவ்வளவுதான். புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. மாமா பீடி தொட்டதில்லை. பட்டறைப் பையன்கள் தொடுகிறார்கள்.

பிப்ரவரி 9

மாமாவின் காக்கித் துணியை உதறி, ஊறவைத்துத் துவைத்தது அத்தை. அத்தைக்கும் எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. கல்நார் ஆலைத் தொழிலாளிகளின் துணியைத் துவைத்த மனைவிமாருக்கே மீசோதீலியோமா வந்தது 1960களிலேயே லண்டனில் பதிவாகியிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் இங்கே ஒரு பட்டறைப் பெண்ணுக்கும் இதை யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17

இவரும் நானும் பையன்களோடு உட்கார்ந்து பேசினோம். ஓடித் தேய்ந்த லைனரில் இருக்கும் கல்நார், பிரேக் சூட்டில் பெரும்பாலும் வேறு தாதுவாக மாறிவிடுகிறது. ட்ரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியில் மிஞ்சும் இழை கொஞ்சம்தான். ஆனால் புது லைனரைத் தேய்க்கும்போது இழை அப்படியே பறக்கும், அதுதான் பெரிய ஆபத்து. கல்நார் இல்லாத லைனர் என்றாலும் அதன் தூசியில் இரும்பு, செம்பு, ஆன்டிமனி என்று என்னென்னவோ இருக்கிறது, அதுவும் நெஞ்சுக்கு ஆகாது.

ஆகவே ஏர் அடிப்பது நின்றது. அடியில் தட்டு வைத்து, சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, ஈரத்துணியால் ட்ரம்மைத் துடைத்தெடுக்கிறோம். அந்தத் துணியை ஈரமாகவே கவரில் போட்டுக் கட்டிவிடுகிறோம். "நேரம் ஆவுதே" என்றார் ஒரு டிரைவர். "ஆவட்டும், உக்காருப்பா" என்றார் மாமா. பட்டறைத் துணி இனி வீட்டுக்கு வராது.

கஜா புயலில், 2018 நவம்பரில், நொறுங்கிய கூரை ஷீட்டுகள் கொல்லையில் இன்னும் அடுக்கிக் கிடக்கின்றன. அதுவும் கல்நார் கலந்த சிமெண்ட்தான். கிரைண்டர் வைத்து அறுத்துக் கோழிக்கூண்டுக்குப் போடலாம் என்று கொழுந்தன் சொல்லிக்கொண்டிருந்தான். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 2

கல்நார் தோண்டி எடுக்க இங்கே 1986 முதல் புதுக் குத்தகை கொடுப்பதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி ஆகிறது. ஆலைத் தொழிலாளியின் மருத்துவப் பதிவை 40 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரோட்டோரப் பட்டறைக்காரனுக்கு எந்தப் பதிவு இருக்கிறது? அதனால் மாமாவிடம் கேட்டுக் கேட்டு, எந்த வருஷம் எந்தப் பட்டறை, என்ன வேலை என்று ஒரு நோட்டில் நானே எழுதிவிட்டேன். பையன்களுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் அவர்களைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் நுரையீரல் திறன் சோதனை எடுக்க வேண்டும். இனி பெட்டியில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று அச்சடித்திருந்தால்தான் லைனர் வாங்குவோம் என்று ஸ்பேர்ஸ் கடையிலும் சொல்லியாயிற்று. விலை கொஞ்சம் கூடுதல். கொடுக்கிறோம்.