போதைப்பொருள் வழக்கில் ஒப்பந்தத்தை மீறினால்

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் போதைப்பொருள் வழக்குகள் பெரும்பாலும் குற்ற ஒப்புதல் ஒப்பந்தத்திலேயே முடிகின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் அரசு வழக்கறிஞருடன் செய்துகொண்ட அதை மீறினால் ஒப்பந்தம் ரத்தாகி வழக்கு முதலிலிருந்து நடக்கும் என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அது தவறு. கட்டு அவிழ்வது அரசுக்கு மட்டும்தான். நீதிபதி ஏற்றுக்கொண்ட ஒப்புதல் அப்படியே நிற்கும். மீறியவர் அந்த மீறலையே காரணம் காட்டி அதைத் திரும்பப் பெற முடியாது.

கோக்கெயின் 5 கிலோ என்றால் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு, 500 கிராம் என்றால் 5 ஆண்டு. பெரிய குற்றச்சாட்டைக் கைவிடுவதாகச் சொல்லித்தான் சிறியதை ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள். ஆனால் அதைக் கைவிடுவது வழக்கமாகத் தண்டனை விதிக்கும் நாளில்தான். அதற்குள் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் பெரிய குற்றச்சாட்டைத் தொடர அரசுக்குத் தடையில்லை.

தண்டனைக் கணக்கும் ஏறும். ஃபெடரல் தண்டனை வழிகாட்டுதல்கள் குற்றத்தின் கடுமையை எண்ணிட்ட நிலைகளாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டனை வரம்பைப் பரிந்துரைக்கின்றன. முன்குற்றம் இல்லாதவருக்கு 27-ஆம் நிலை என்றால் பரிந்துரை 70 முதல் 87 மாதம். பொறுப்பேற்றதற்காகக் குறைத்த 3 நிலை போய், நீதிக்கு இடையூறு செய்ததற்கு 2 நிலை கூடினால் 32. அங்கே 121 முதல் 151 மாதம். நீதிபதியைக் கட்டுப்படுத்தாத பரிந்துரைதான், ஆனாலும் பேச்சு தொடங்குவது அந்த எண்ணிலிருந்துதான்.

எனக்கு மிகக் கொடியதாகப் படுவது வேறு. ஒத்துழைப்பதாகச் சொல்லி அதிகாரிகளிடம் கொட்டிய விவரங்களைத் தண்டனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற பாதுகாப்பு, ஒப்பந்தம் மீறப்பட்டால் போய்விடும். யாருக்கும் தெரியாதிருந்த கிலோக்களும் எடையில் சேரும். பேச்சுவார்த்தையில் சொன்னதை விசாரணையில் பயன்படுத்தக் கூடாது என்ற விதியையும் பல ஒப்பந்தங்கள் விட்டுக்கொடுக்கச் செய்கின்றன. மெத்தாம்ஃபெட்டமின் வழக்கான மெசனாட்டோவில், குறுக்கு விசாரணையில் முரணைக் காட்ட அப்படிப் பயன்படுத்தியது செல்லும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயக் குறைந்தபட்சத்துக்கும் கீழே இறங்க உதவும் ஒத்துழைப்பு மனுவையும் அரசு தாக்கல் செய்யாது.

எனினும் மீறல் நடந்ததா என்பதை அரசு வழக்கறிஞர் தனியாக முடிவுசெய்துவிட விடாதீர்கள். விசாரணை கேட்டு உங்கள் வழக்கறிஞர் எழுத்தில் மனுப்போட வேண்டும். மீறலை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது. ஒப்பந்த வாசகம் தெளிவில்லாவிட்டால் நீதிமன்றங்கள் அதை அரசுக்கு எதிராகவே பொருள்கொள்ளும். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒருமுறை போதை தெரிந்தது ஒப்பந்த மீறலா, ஜாமீன் நிபந்தனை மீறல் மட்டுமா என்பது அந்த வாசகத்தைப் பொறுத்தது. மீறியது அரசு என்றால் உடனே அதே நீதிமன்றத்தில் ஆட்சேபிக்க வேண்டும். மேல்முறையீட்டில் முதன்முறையாகச் சொன்னால் வெல்வது மிகக் கடினம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் 2009-ஆம் ஆண்டுப் பக்கெட் தீர்ப்பு உறுதியாக்கிவிட்டது.