முழு எண்களில் எழும் முட்கள்

தேர்தல் முடிவுகளை வாக்குச்சாவடி வாரியாக வெளியிடும் வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். மொத்தக் கூட்டலில் மறைந்துபோகும் செய்திகள் அங்கேதான் வெளிப்படுகின்றன. 2011 டிசம்பர் 4 அன்று ரஷ்யாவில் நடந்த தூமா (நாடாளுமன்றக் கீழவை) தேர்தலில் ஆளுங்கட்சியான ஐக்கிய ரஷ்யா 49.3 சதவீத வாக்குகளையும், 450 இடங்களில் 238 இடங்களையும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இயற்பியலாளர் செர்கேய் ஷ்பில்கின் சாவடிவாரிக் கணக்குகளை வரைபடமாக்கியபோது, வாக்குப்பதிவு ஏற ஏற ஆளுங்கட்சியின் பங்கு மட்டும் கூடவே ஏறியதும், மற்ற கட்சிகளுக்கு அப்படி நேராததும் தெரிந்தது.

நகரம், கிராமம் என்ற வேறுபாட்டால் இதில் ஒரு பகுதியை விளக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு சதவீதத்திலும் எத்தனை சாவடிகள் என்று காட்டும் வரைகோடு 70, 75, 80, 85 ஆகிய சதவீதங்களில் முள்ளைப்போல எழுந்து நிற்பதற்கு அந்த விளக்கம் பொருந்தாது. 1,000 பேர் வாக்களித்த ஒரு சாவடியில் ஆளுங்கட்சிக்கு 750 வாக்குகள் விழுவதற்கும் 747 விழுவதற்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே. வாக்காளர் மறைவில் நின்று தனியாகக் குறியிடுகிறார்; சாவடியின் சதவீதம் அவருக்குத் தெரியாது. 75 போன்ற முழுச் சதவீதத்தைக் குறிவைக்க, மொத்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். மிகச் சிறிய சாவடிகளில் பின்னக் கணக்கின் காரணமாக 50 சதவீதம் போன்ற எண்கள் தாமாகவே அதிகம் வரும் என்பதால், அந்த விளைவைத் தனியே கணக்கிட்டுக் கழித்த பிறகே எதையும் சொல்ல வேண்டும். கழித்த பிறகும் முட்கள் மறையவில்லை.

ரஷ்யாவின் தென்பகுதிக் குடியரசான செச்சினியாவிலோ வாக்குப்பதிவும் ஆளுங்கட்சியின் பங்கும் 99 சதவீதத்தைத் தாண்டின. அம்மாத இறுதியில் தேர்தல் முறைகேட்டை எதிர்த்து மாஸ்கோவில் திரண்ட மக்களில் சிலர், இயல்நிலைப் பரவலை, அதாவது முட்கள் இல்லாத மணி வடிவ வரைகோட்டை, கோரும் பதாகைகளை ஏந்தி நின்றார்கள்.