பம்பரில் ஒட்டியிருந்த மண்

"இது நாக்பூர் பக்கத்து மண்ணு, சாமி."

இன்று காலை காரைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தேன். அப்பா தடுத்துவிட்டு, பம்பருக்கு அடியில் காய்ந்திருந்த கறுப்பு மண்ணை நகத்தால் சுரண்டினார். உள்ளங்கையில் நாலு சொட்டு தண்ணீர் விட்டுத் தேய்த்தார். ரேகையெல்லாம் மை மாதிரி ஏறிக்கொண்டது.

"நம்ம பருத்திக் காட்டு மண்ணாட்டமே இருக்கும். மழை பேஞ்சா டயரை விடாது."

நேற்று இரவுதான் டெல்லியிலிருந்து வந்து சேர்ந்தேன். தனியாக.

நாமக்கல்லைத் தொட்டுப் போகும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான். சேலம், ஓசூர், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, அப்புறம் டெல்லி. போக மட்டும் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். நாக்பூர் வரைக்கும் அப்பாவுக்கு அது இன்னும் பழைய 7ஆம் நம்பர் ரோடுதான். 27 வருடம் அதில் லாரி ஓட்டியவர்.

இந்தியா கேட் போட்டோவைக் காட்டினேன். 42 மீட்டர் உயரம், 13,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள் என்றேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நான் இங்க போனதே இல்ல, கண்ணு."

பகலில் பெரிய லாரிகளை நகருக்குள் விடமாட்டார்கள். ராத்திரி ஆசாத்பூர் மண்டியில் லோடு இறக்கி, விடிவதற்குள் வெளியேறிவிட வேண்டும். அப்பாவின் டெல்லி அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இப்படி ஒருவர் இருப்பார்! தலைநகரத்துக்கு அத்தனை முறை போயும் அதை வெளிச்சத்தில் பார்க்காதவர்கள்.

தீபாவளி முடிந்ததும் மறுபடி கிளம்புகிறேன். பக்கத்து சீட்டில் அப்பா. பட்டப்பகலில் உள்ளே போகப்போகிறோம்.