அலையில்லாத கடற்கரையில் ஒரு கூடாரம்

இரண்டு பக்கமும் பாறைமுனை நீண்டு அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் ஏரி மாதிரி கிடந்தது. ரொம்ப தூரம் நடந்தும் முழங்காலைத் தாண்டவில்லை, வெயிலில் சீக்கிரம் சூடாகியும் விட்டது, குழந்தைகளைக் கரையேற்றுவதுதான் பெரும்பாடு.

படகுக்காரர்களுக்கோ அந்த ஆழமின்மையே தொல்லை. நீர் உச்சத்துக்கு ஏறிய பிறகு சுமார் 6 மணி நேரத்தில் முழுக்க இறங்கிவிடுகிறது. நாங்கள் சாப்பிட்டு, அரட்டையடித்து எழுந்தபோது பக்கத்தில் ஒருவரின் படகு மணலில் சாய்ந்து கிடந்தது. மறுபடி நீர் ஏறும்வரை தள்ளியும் பயனில்லை. பாவம்!

கூடாரத்தைக் காய்ந்த கடற்பாசி ஒதுங்கிய கோட்டுக்கு நன்றாக மேலே போட்டோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் மேலே ஏறும். அப்புறம், சாதாரண முளை மணலில் நிற்கவே நிற்காது. பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, குழிதோண்டிப் புதைத்தோம். ராத்திரி காற்றுக்கு அசையவில்லை.