வால்பேப்பர்: டிசைனுக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

கடையில் ஆல்பம் புரட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. ஒட்டப்போகும் சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை வைத்து நாலு ஓரமும் டேப் போட்டு மூடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரிக்கும்போது உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ, சுவர் கறுத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். குளியலறையை ஒட்டிய சுவர், சாரல் நேரே அடிக்கும் வெளிச்சுவர், கீழ்த்தளத்தில் உப்புப் பூக்கும் சுவர், இந்த மூன்றையும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

ஓதச் சுவருக்கு வினைல், அதாவது பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள்தான் நல்லது, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்வார்கள். அது முன்பக்கம் படும் தண்ணீருக்கு மட்டும் சரி. சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம் வினைல் தோலைத் தாண்டி வெளியேற முடியாமல் பின்னாலேயே தங்கும். அங்கே கரும்பூசணம் பிடிக்கும், பசை இளகும், இணைப்பு வாய் திறக்கும். கசிவை அடைத்து, சுவர் முழுக்கக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்து, ஈரக்கையால் சுவரைத் தேயுங்கள். பழைய சுண்ணாம்போ டிஸ்டம்பரோ கையில் மாவாக வந்தால் பசை அந்த மாவைத்தான் பிடிக்கும், சுவரை அல்ல. சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, ஒரு கோட் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். பிரைமர் இல்லாத பட்டி பசையிலுள்ள தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். தாளை நகர்த்திச் சேர்க்க நேரம் கிடைக்காது.

எத்தனை ரோல் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமான ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். கடைக்கணக்கில் 57 சதுர அடி. 10 அடி அகலம், 10½ அடி உயரச் சுவர் 105 சதுர அடி. இரண்டு ரோல் போதும் என்றுதான் தோன்றும். டிசைன் இல்லாத தாளுக்குப் போதும்: ஆறு பட்டைகள் வேண்டும், மேலும் கீழும் வெட்ட விடும் 10 செ.மீ. சேர்த்துப் பட்டைக்கு 3.30 மீட்டர், ஒரு ரோலில் மூன்று. ஆனால் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பி வரும் பூ என்றால், பூவுக்குப் பூ சேர ஒவ்வொரு பட்டையும் 3.84 மீட்டர் பிடிக்கும். ரோலுக்கு இரண்டுதான் தேறும். மூன்று ரோல் வாங்க வேண்டும். எல்லா ரோலிலும் பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் அச்சானவற்றுக்குப் போடும் எண், ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறினால் நிறம் ஒரு சாயல் தள்ளி நிற்கும், அது ஒட்டிய பிறகுதான் கண்ணில் படும்.

முதல் முறை ஒட்டுபவர்களுக்கு நான் சொல்வது நான்-வோவன் தாள், அதாவது நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த தாள். பசையைச் சுவரிலேயே தடவலாம், தாள் ஊறி விரியாது. காகித முதுகுள்ள தாளோ பசை பட்டதும் விரியும். பசை தடவி மடித்து, லேபிளில் சொன்ன நிமிடங்கள், எல்லாப் பட்டைகளையும் ஒரே அளவு ஊறவிடாவிட்டால் காயும்போது இணைப்பில் இடைவெளி விழும்.

மூலையை நம்பி ஆரம்பிக்காதீர்கள். மூலை நேராக இருக்கும் வீடு அபூர்வம். மூலையிலிருந்து 50 செ.மீ. தள்ளித் தூக்குக்குண்டு விட்டு, பென்சிலால் கோடு போட்டு, முதல் பட்டையின் ஓரத்தை அந்தக் கோட்டில் நிறுத்துங்கள். மிச்சமுள்ள 3 செ.மீ. பக்கத்துச் சுவரில் திரும்பும், அதை மூலையோடு வெட்டிவிடலாம். அடுத்த பட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஓரத்தோடு ஓரம் முட்ட வேண்டும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்துக் காற்றைத் தள்ளுங்கள். இணைப்பில் பிதுங்கும் பசையை ஈர ஸ்பாஞ்சால் உடனே ஒற்றி எடுங்கள். ஊறிய தாளை மழுங்கிய பிளேடு கிழித்துவிடும். இரண்டு வெட்டுக்கு ஒருமுறை கட்டர் பிளேடின் மழுங்கிய நுனித்துண்டை உடைத்துவிடுங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு வந்தால் முதலில் மெயினை அணையுங்கள், பசை ஈரமும் மின்சாரமும் சேரக் கூடாது. போர்டின் மூடித் தகட்டைக் கழற்றி, தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஓரங்களை அந்தத் தகட்டுக்கு அடியில் செருகுங்கள்.

ஒட்டி முடித்த அன்று ஃபேனும் ஏசியும் வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் தாள் இழுத்துக்கொண்டு இணைப்பு விரியும். மறுநாள் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் ஊசியால் குத்த அவசரப்படாதீர்கள். காயக் காய அநேகமாக அமுங்கிவிடும். நாலைந்து நாளாகியும் நிற்பவற்றுக்கு மட்டும் சிரிஞ்சில் தண்ணீராகக் கரைத்த பசையை ஏற்றி, துணியால் அழுத்தினால் போதும்.